பேசும் சித்திரங்கள்: குரலுக்கு இசைய உதடும் உடலும் அசையும் முறை

திரையில் ஒரு கிளி பேசுகிறது. ஒரு சிறுமி அதற்கு விடை கூறுகிறாள். இரண்டும் வரைந்த கோடுகளே என்பதைப் பார்ப்போர் அறிவர். எனினும் அப்பேச்சு அவற்றின் வாயிலிருந்தே வருவதாக மனம் ஏற்றுக்கொள்கிறது. இது தற்செயலாக நிகழ்வதன்று. ஒலி பிறக்கும் முறை, கண்ணும் காதும் சேர்ந்து இயங்கும் தன்மை, காலக் கணக்கு ஆகிய மூன்றையும் அறிந்து செய்யும் வேலையின் விளைவாகும். கார்ட்டூன் படம் அல்லது அனிமேஷன் எனப்படும் இச்சித்திரப் படங்களில் பேச்சு எவ்வாறு பொருத்தப்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் இவ்விளக்கம் தனிப் பயனுடையது. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் 3,80,581 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் வங்காளி பேசுவோர் ஏறத்தாழ 28 சதவிகிதம். இந்தி பேசுவோர் 19. தமிழ் பேசுவோர் 15. தெலுங்கு பேசுவோர் 13. நிக்கோபாரி, மலையாளம் முதலிய மொழிகளும் வழங்குகின்றன. ஒரே அறிவுரைப் படத்தை ஒரே ஊரில் நான்கு மொழியினருக்குக் காட்ட வேண்டிய நிலை இங்கு இயல்பாகவே ஏற்படுகிறது. ஒரு மொழிக்கு வரைந்த வாய் மற்றொரு மொழியைப் பேசும்போது என்ன நேர்கிறது என்பதை அறிந்தவரே தமக்கு ஏற்ற படத்தைத் தெரிந்தெடுக்கவும், சிறு படங்களைத் தாமே ஆக்கவும் இயலும்.

குரலே முதலில்

நடிகர் நடிக்கும் படத்தில் காமிராவும் ஒலிவாங்கியும் ஒரே வேளையில் இயங்கலாம். சித்திரத்துக்குக் குரல் இல்லை. ஆகவே உரையாடல் முதலில் குரல் நடிகரைக் கொண்டு பதிவு செய்யப்படுகிறது. படம் அதன் பின்னரே வரையப்படுகிறது. 1928 ஆம் ஆண்டு வெளியான ‘ஸ்டீம்போட் வில்லி’ என்னும் வால்ட் டிஸ்னியின் படம், ஒலியும் சித்திரமும் ஒரே கணக்கில் இசைந்து செல்லலாம் என்பதை உலகுக்குக் காட்டிற்று. அதன்பின் குரலை முன்னரே பதிவு செய்யும் முறை அமெரிக்காவில் வேரூன்றியது. ஜப்பானில் படம் வரைந்த பின்னர்க் குரல் சேர்க்கும் வழக்கமே மிகுதி. 1988 ஆம் ஆண்டின் ‘அகிரா’ போன்ற சில படங்களில் குரல் முதலில் பதிவு செய்யப்பட்டது.

திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம்கள். ஆதலால் ஒரு வினாடிக்கு ஒன்றரை அடி பிலிம் செல்லும். பதிவு செய்த குரலை முன்னும் பின்னுமாக மெல்ல ஓட்டி, எந்த ஒலி எந்த பிரேமில் தொடங்கி எந்த பிரேமில் முடிகிறது என்று எண்ணி, ஒரு நீண்ட தாளில் வரிசையாக எழுதுவர். ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு வரி. ஒரு பத்தியில் ஒலி. மற்றப் பத்திகளில் உடல், தலை, வாய் ஆகியவற்றின் சித்திர எண்கள். இன்று கணிப்பொறித் திரையில் குரலின் அலைவடிவம் தெரிவதால் எண்ணும் உழைப்பு குறைந்துள்ளது. ஆனால் கணக்கு மாறவில்லை.

நம் நாட்டில் இக்கலை முறையாகப் பயிற்றப்பட்டது 1956 ஆம் ஆண்டையொட்டியாகும். 1948 இல் நிறுவப்பெற்ற பிலிம்ஸ் டிவிஷன், பம்பாயில் கார்ட்டூன் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. இந்தியாவில் பிறந்து டிஸ்னி நிலையத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் அங்கு வந்து இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஜாதகக் கதையைத் தழுவிய ‘தி பான்யன் டீர்’ 1957 ஆம் ஆண்டில் அப்பிரிவிலிருந்து வெளிவந்தது. அங்குப் பயின்றவர்களுள் ஒருவரான ராம் மோகன் பின்னாளில் இந்திய அனிமேஷன் துறையின் முன்னோடியாக விளங்கினார்.

ஒலியும் உதடும்

வாயில் பிறக்கும் ஒலிகள் அனைத்தும் வெளியே தெரிவதில்லை. ட, ண, ள ஆகியவை நாவின் நுனி மேலண்ணத்தைத் தொடுவதால் பிறப்பன. க, ங ஆகியவை நாவின் அடி தொடுவதால் பிறப்பன. எதிரே நிற்பவர் இவற்றைக் காண முடியாது. ப, ம ஆகிய இரண்டும் அவ்வாறல்ல. உதடுகள் முற்றாக மூடாமல் அவற்றை ஒலிக்க எவராலும் இயலாது. மூடுவதை எவரும் காணலாம்.

தமிழ் இலக்கணம் இதனை மிகப் பழங்காலத்திலேயே வகுத்துள்ளது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்திலுள்ள பிறப்பியல், ப, ம ஆகியவை இரண்டு உதடுகளும் பொருந்துவதால் பிறக்கும் என்றும், வகரம் மேற்பல் கீழுதட்டைச் சேர்வதால் பிறக்கும் என்றும் கூறுகிறது. அ, ஆ ஆகியவற்றுக்கு வாய் திறத்தலையும், உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகியவற்றுக்கு உதடு குவிதலையும் அது காட்டுகிறது. சித்திரக்காரர் சுவரில் ஒட்டிவைக்கும் வாய்ப் பட்டியலுக்கு இதைவிடத் தெளிவான அடிப்படை வேண்டுவதில்லை. தமிழ் உரையாடலுக்குக் கீழ்க்கண்ட ஏழு வடிவங்கள் பெரும்பாலும் போதும்:

1. உதடுகள் மூடியது: ப, ம.
2. மேற்பல் கீழுதட்டை அணுகியது: வ.
3. நன்கு திறந்தது: ஆ.
4. சிறிது திறந்தது: அ, மேலும் க, ங, ட, ண, ள போன்று உள்ளே பிறக்கும் மெய்கள்.
5. பக்கவாட்டில் விரிந்தது: இ, ஈ, எ, ஏ; ச, ஞ, ய ஆகியவையும் இதனை ஒட்டியவை.
6. குவிந்தது: உ, ஊ, ஒ, ஓ.
7. பற்களிடையே நா நுனி தெரிவது: த, ந, ல என்பதும் ஏறத்தாழ இவ்வாறே.

ஐ, ஔ ஆகியவற்றுக்குத் தனி வடிவம் தேவையில்லை. திறந்த வாய் விரிந்த வாயாக மாறினால் ஐ. குவிந்த வாயாக மாறினால் ஔ.

இப்பட்டியலை எழுத்துக்கு எழுத்து இயந்திரம் போல் பொருத்துவது பெரும் பிழையாகும். குற்றியலுகரம் இதற்குச் சிறந்த சான்று. ‘நாடு’, ‘காற்று’, ‘பாட்டு’ என்னும் சொற்களின் ஈற்றில் உகரம் எழுதப்படுகிறது. பேசும்போது அது அரை மாத்திரையாகக் குறுகி ஒலிக்கிறது, உதடு குவிவதில்லை. ‘பூ’ என்று சொல்லி உடனே ‘காற்று’ என்று சொல்லிப் பார்ப்பவர் இவ்வேறுபாட்டைக் கண்ணாடியில் காணலாம். தமிழ்ச் சொற்களில் பெரும்பகுதி குற்றியலுகரத்தில் முடிவன. எழுத்தைப் பார்த்து வரைபவர் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் உதட்டைக் குவித்துவிடுவார். சித்திரம் முத்தமிடுவது போல் தோன்றும். ஒலியைக் கேட்டு வரைபவருக்கு இவ்விடர் நேராது. எழுதிய வசனத்தைப் பார்த்தன்று, பதிவான குரலைக் கேட்டே வரைய வேண்டும் என்பதே இக்கலையின் முதல் விதி.

ஒரு வாக்கியம், ஒரு வினாடி

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப் பேரலையால் இத்தீவுகளில் ஏற்பட்ட பேரிழப்பை இங்குள்ளோர் அறிவர். கரையோரத்தில் வலிய நிலநடுக்கம் உணரப்பட்டாலும், கடல் திடீரென உள்வாங்கினாலும், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுநிலத்துக்குச் செல்ல வேண்டும் என்பது குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பாடம். கடல் உள்வாங்காமலும் பேரலை வரக்கூடும் என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். இப்பாடத்தைச் சொல்லும் ஒரு சித்திரப் படத்தில் முதியவர் ஒருவர் சிறுவனை நோக்கி, “மேட்டுக்குப் போ!” என்று கூவுவதாகக் கொள்வோம். இதனைக் கூற ஒரு வினாடி, அதாவது 24 பிரேம்கள் ஆயின என்று வைத்துக்கொண்டால் பங்கீடு பின்வருமாறு அமையலாம்:

ம் — பிரேம் 1, 2 (மூடியது)
ஏ — 3 முதல் 7 வரை (விரிந்தது)
ட்டு — 8 முதல் 11 வரை (சிறிது திறந்தது)
க்கு — 12 முதல் 14 வரை (சிறிது திறந்தது, மூடுவதை நோக்கி)
ப் — 15 முதல் 17 வரை (மூடியது)
ஓ — 18 முதல் 24 வரை (குவிந்தது)

இதில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மூடிய வாய் குறைந்தது இரண்டு பிரேம்களாவது நிற்க வேண்டும். ஒரே பிரேம் மட்டும் காட்டினால் கண் அதைத் தவறவிட்டு, ஏதோ துள்ளல் போல் மட்டுமே உணரும். குரலில் இடம் போதாவிட்டால் முன்னுள்ள உயிரெழுத்திலிருந்து ஒரு பிரேமைக் கடனாகப் பெறலாம். இரண்டாவது, ‘போ’ என்பதில் உதடு மூடியிருக்கும்போதே முன்னோக்கிக் குவியத் தொடங்குகிறது. பின்வரும் ஒலிக்கு வாய் முன்னரே ஆயத்தமாவது எல்லா மொழிகளிலும் காணப்படும் இயல்பு. ஆகவே ‘போ’வின் மூடிய வாயும் ‘மே’யின் மூடிய வாயும் ஒரே சித்திரம் அல்ல. மூன்றாவது, மாத்திரைக் கணக்கு வழிகாட்டுமே அன்றி அளவுகோல் ஆகாது. குறில் ஒன்று, நெடில் இரண்டு, மெய் அரை என்பது இலக்கணம். ஆனால் அச்சத்தில் கூவுபவரின் ‘போ’ எத்தனை மாத்திரையும் நீளலாம். பதிவான குரலே நீதிபதி.

கண்ணும் காதும்

வாயும் ஒலியும் பொருந்தாவிட்டால் அழகு மட்டுமே குறையும் என்று எண்ணுதல் கூடாது. கேட்கும் சொல்லே மாறக்கூடும். 1976 ஆம் ஆண்டில் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்னும் உளவியலாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். ‘க’ என்று உச்சரிக்கும் வாயின் படத்துடன் ‘ப’ வரிசையைச் சேர்ந்த ஒலியை இசைத்துக் காட்டினார்கள். இரண்டு ஒலிகளும் மென்மையாக, ‘கங்கை’யின் ஆங்கில முதலொலி போலவும், ‘பாரதம்’ என்பதை வடமொழியாளர் ஒலிப்பது போலவும் அமைந்தவை. பார்த்தவர்களுள் பலர் இரண்டையும் கேட்கவில்லை. நாவின் நுனியில் பிறக்கும் ‘ட’ போன்ற மூன்றாவது ஒலியைக் கேட்டதாகக் கூறினர். கண்களை மூடியவுடன் சரியான ஒலி கேட்டது. மூளை கண்ணின் சான்றையும் காதின் சான்றையும் கலந்தே பேச்சை உணர்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. மொழியை அரைகுறையாக அறிந்த குழந்தைக்குப் பிழையான வாயசைவு கூடுதல் சுமையாகிறது.

காலப் பொருத்தத்திலும் ஒரு வியப்பான ஒழுங்கு உண்டு. ஒலி பிந்துவதை மனம் பொறுத்துக்கொள்ளும், முந்துவதைப் பொறுக்காது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998 ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லிவினாடி முந்தினாலே பார்ப்போர் கண்டறியத் தொடங்குவர். பிந்தினாலோ 125 மில்லிவினாடி வரை அறியார். பிரேம் கணக்கில் கூறினால், முந்துதல் ஒரு பிரேம். பிந்துதல் மூன்று பிரேம். காரணம் எளிது. இயற்கையில் ஒளி முதலிலும் ஒலி பின்னரும் நம்மை வந்தடைகின்றன. தொலைவில் மரம் வெட்டுபவரின் கோடரி விழுந்த பின்னரே ஓசை கேட்கிறது. இதனால்தான் தேர்ந்த சித்திரக்காரர்கள் வாயசைவை ஒலிக்கு ஓரிரு பிரேம்கள் முன்னதாக வைக்கின்றனர்.

களப் பணியாளர்கள் இதிலிருந்து நேரடிப் பயன் பெறலாம். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. திறந்தவெளியில் படம் காட்டும்போது ஒலிபெருக்கி திரையருகே இருந்தால், 34 மீட்டர் பின்னால் அமர்ந்தவருக்குப் பேச்சு ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை பிரேம் அளவு பிந்தும். இது பொறுக்கத்தக்கதே. ஆனால் கம்பியில்லா புளூடூத் ஒலிபெருக்கியைப் பயன்படுத்தினால் அக்கருவியின் தாமதமும் இதனுடன் சேரும். அப்போது பின்வரிசையினருக்கு வாய் ஒன்றும் பேச்சு ஒன்றுமாகத் தோன்றும். கம்பி வழி இணைப்பே சிறந்தது.

உடல் பேசிய பின்னரே உதடு

தொடக்க நிலையில் உள்ளவர்கள் வாயிலிருந்தே வேலையைத் தொடங்குவர். அனுபவமிக்கவர்கள் வாயைக் கடைசியாக வரைவர். உதடு அகற்றப்பட்ட நிலையிலும் சித்திரத்தின் நோக்கம் விளங்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை.

“மேட்டுக்குப் போ” என்னும் அதே வாக்கியத்தை மூவர் கூறுவதாகக் கொள்வோம். வகுப்பில் ஒத்திகை நடத்தும் ஆசிரியர் நிதானமாகக் கையை நீட்டிக் காட்டுவார். கடலைக் கண்ட மீனவர் திரும்பி ஓடிக்கொண்டே தோளுக்கு மேல் கூவுவார். நடக்க இயலாத பாட்டி பேரனைத் தன்னிடமிருந்து தள்ளிவிட்டுக் கூறுவாள். வாய் வடிவங்கள் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. பொருளோ முற்றிலும் வேறு. அவ்வேறுபாடு குரலின் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. சித்திரக்காரர் அதனைக் கண்ணுக்கும் கைக்கும் தோளுக்கும் மாற்றித் தருகிறார்.

இதற்கு முதலில் குரலைப் பலமுறை கேட்டு, எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்று குறிக்க வேண்டும். ஒரு வாக்கியத்தில் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு அழுத்தங்களே இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் கையை ஆட்டினால் எந்தச் சொல்லும் மனத்தில் நிற்காது. அழுத்தம் ‘போ’வில் விழுமாயின், அதற்கு முன் உடல் சற்றுப் பின்வாங்க வேண்டும், கை தன் எல்லையை ஒலிக்கு இரண்டு மூன்று பிரேம்கள் முன்னரே அடைய வேண்டும். கூவுவதற்கு முன் இழுக்கும் மூச்சு பதிவில் கேட்டால் அதனை நீக்கலாகாது. தோள் உயர்வதற்கு அதுவே காரணமாக அமையும். பார்வை திரும்பும்போது கண் முதலிலும், தலை அடுத்தும், உடல் இறுதியிலும் திரும்பும். இடையே ஓர் இமைப்பு இயல்பாக இருக்கும். முதியவர் கடலைப் பார்த்து, சிறுவனைப் பார்த்து, மேட்டைப் பார்க்கும் அந்த மூன்று பார்வைகளிலேயே செய்தி பாதி கூறப்பட்டுவிடுகிறது. மொழி தெரியாதவனும் அதனை உணர்வான்.

ஒரு படம், பல மொழிகள்

பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப் படங்களும் ஆவணப் படங்களும் பல இந்திய மொழிகளில் வெளிவந்தன. அவற்றுள் பெரும்பாலானவை பின்னணியில் ஒருவர் விளக்கம் கூறும் முறையில் அமைந்தவை. பேசுபவரின் முகம் திரையில் தோன்றாததால் விளக்கவுரையை மட்டும் மாற்றினால் போதும். உதட்டுப் பொருத்தம் என்னும் சிக்கலே எழவில்லை.

பாத்திரங்களே பேசும் படங்களில் இவ்வழி செல்லாது. யூனிசெப் நிறுவனம் 1990களில் தெற்காசியாவுக்காக வெளியிட்ட ‘மீனா’ படங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பெண் குழந்தைகளின் கல்வி, உடல்நலம் ஆகியவற்றை வலியுறுத்திய இப்படங்களின் ஆக்கத்தில் ராம் மோகன் முக்கியப் பங்கு வகித்தார். மீனா, அவள் தம்பி ராஜு, கிளி மிட்டு ஆகியோர் இந்தி, வங்காளி, உருது, நேபாளி, ஆங்கிலம் முதலிய மொழிகளில் பேசினர். ஒரே சித்திரம் பல மொழிகளுக்குப் பொருந்த வேண்டியிருந்தது. கிளியைப் பொறுத்தவரை இடர் குறைவு. அலகுக்கு உதடு இல்லை. மூடவும் திறக்கவும் மட்டுமே அதற்கு இயலும். அசைகளின் தாளத்துக்கு ஏற்ப அலகு அசைந்தால் எம்மொழியும் பொருந்தும். மனித முகம் அவ்வாறு விட்டுக்கொடுப்பதில்லை.

இங்கே மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு பெரிது. இந்தியில் “ஊஞ்சீ ஜகஹ பர் சலோ” என்று பதிவாகி, அதற்கு வாய் வரையப்பட்டதாகக் கொள்வோம். அது குவிந்த வாயில் தொடங்குகிறது. பிற்பகுதியில் ‘பர்’ என்னுமிடத்தில் உதடு மூடுகிறது. குவிந்த வாயில் முடிகிறது. இதற்குத் தமிழில் “மேட்டுக்குப் போ” என்று எழுதினால், குவிந்து நிற்கும் வாயிலிருந்து மூடிய வாயின் ஒலியான ‘மே’ வரும். பொருத்தம் தொடக்கத்திலேயே கெடும். “உயரத்துக்குப் போ” என்று எழுதினாலோ, தொடக்கம் குவிந்த வாயாகவே அமைகிறது. ‘ப்’ பிற்பகுதியில் மூடும் இடத்தை ஒட்டி விழுகிறது. நீட்டிக் கூவும் ‘ஓ’ இறுதியில் ‘லோ’வின் வடிவத்தோடு ஒன்றுகிறது. பொருளும் குறையவில்லை. டப்பிங் வசனம் எழுதுவோர் சொல்லுக்குச் சொல் தேடுவதில்லை. மூடும் இடம், குவியும் இடம், அசைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் முதலில் குறித்துக்கொண்டு, அவற்றுக்கு ஏற்ற சொல்லைத் தேடுகின்றனர்.

படம் ஆக்குவோரும் உதவலாம். பல மொழிகளில் வெளியிடுவதாக இருந்தால், நீண்ட வசனங்களைத் தொலைக்காட்சியாகவோ, பாத்திரம் முகத்தைத் திருப்பியிருக்கும்போதோ, கேட்பவரின் முகத்தைக் காட்டியோ அமைக்கலாம். அண்மைக் காட்சிகளுக்குக் குறுகிய வசனங்களை மட்டும் வைத்து, அவற்றின் வாயை மொழிக்கு மொழி மாற்றி வரையலாம். வாயைத் தனி அடுக்கில் வரைந்திருந்தால் இவ்வேலை எளிதாகும்.

தீவுகளின் தொன்மொழிகள்

இதுவரை கூறியவை அனைத்தும் பேசுவோர் பலர் உள்ள மொழிகளைப் பற்றியவை. பேசுவோர் அருகிய மொழிகளில் நிலைமை வேறு. பெரிய அந்தமானிய மொழிகளின் பெயர்கள் அகா-போ, அகா-ஜேரு, அகா-பேயா என அமைந்துள்ளன. ‘அகா’ என்பது வாயைச் சார்ந்தவற்றைக் குறிக்கும் முன்னொட்டாகும். மொழியின் பெயரிலேயே வாயை வைத்திருந்த மக்கள் அவர்கள். அகா-போ மொழியின் கடைசிப் பேச்சாளர் எனக் கருதப்பட்ட போவா சீனியர் 2010 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் நாள் காலமானார். மொழியியலறிஞர் அன்விதா அப்பி அவருடைய பேச்சையும் பாடல்களையும் அதற்கு முன் பதிவு செய்திருந்தார்.

இத்தகைய மொழியில் ஒரு கதைக்குச் சித்திரப் படம் ஆக்க முன்வருபவருக்கு ஆயத்தமான வாய்ப் பட்டியல் இல்லை. உதடுகளை மூடிப் பிறக்கும் ஒலியோ, உதடுகளிடையே காற்று உரசிப் பிறக்கும் ஒலியோ என்பதை ஒலிநாடாவைக் கேட்டு மட்டும் எப்போதும் உறுதி செய்ய முடியாது. பேசுபவரின் முகத்தைக் காண வேண்டும். அவர் மறைந்த பின் கேட்டறிய எவரும் இலர். ஆகவே நிக்கோபாரி முதலிய மொழிகளில் முதியோரின் கதைகளைப் பதிவு செய்யும் ஆசிரியர்கள், அவர்களின் இசைவுடன், குரலோடு முகத்தையும் எதிர்ப்புறமாக நின்று, நல்ல வெளிச்சத்தில், இடைவெட்டு இல்லாமல் பதிவு செய்வது நலம். ஜாரவா, சென்டினல் முதலிய பழங்குடியினரைப் படமெடுப்பது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. அவர்களுடைய காப்புப் பகுதிகள் 1956 ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வகுப்பில் செய்து பார்க்க

இச்செய்முறைக்கு ஒரு கைப்பேசி, ஒரு கண்ணாடி, ஏழு அட்டைகள் போதும். மாணவர் ஒருவர் ஒரு சிறு வாக்கியத்தைக் கூற, அதனைப் பதிவு செய்க. மற்ற மாணவர்கள் அதே வாக்கியத்தைக் கண்ணாடி முன் மெதுவாகக் கூறி, உதடு மூடும் இடங்களையும் குவியும் இடங்களையும் கரும்பலகையில் குறிக்கட்டும். ஏழு வாய் வடிவங்களையும் அட்டைகளில் வரைந்து, அட்டையில் வெட்டிய ஒரு முகத்தின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு நிலையையும் கைப்பேசியில் நிழற்படமாக எடுக்கலாம். வினாடிக்கு 12 படங்கள் என்ற கணக்கில், ஒவ்வொரு படமும் இரண்டு பிரேம்களுக்கு நிற்குமாறு ஓட்டினால் முகம் பேசத் தொடங்கும்.

பின்னர் வேறு தாய்மொழியுடைய மாணவர் ஒருவர் அதே செய்தியைத் தம் மொழியில் கூறுமாறு செய்து, அதே படங்களுடன் சேர்த்து ஓட்டிக் காட்டலாம். எங்குப் பொருந்துகிறது, எங்குப் பொருந்தவில்லை என்பதை மாணவர்களே சுட்டிக்காட்டுவர். வங்காளி பேசும் குழந்தையும் தமிழ் பேசும் குழந்தையும் ஒருவர் வாயை மற்றவர் உற்று நோக்கும் அவ்வேளையில், ஒலியியல் பாடமும் அண்டை மொழியின் முதற் பாடமும் ஒருங்கே நடைபெறுகின்றன.